ஜொகூர் பாருவின் இரு அம்மன் கோயில்கள்

தமிழகத்தில் ஒரு பழங்கோயிலின் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதலில் அதன் சுவர்களைப் படிப்பர். 1010ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் சுவர்களில், மன்னன் இராசராசன் கொடுத்த ஊர்கள், பொன், விளக்குகள் யாவும் வெட்டப்பட்டுள்ளன. கோயிலில் பணி செய்ய அமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள்கூட அங்கே உண்டு. எந்த நிலம் எவரால் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதைக் கல்லிலே எழுதி வைத்து, சந்திர சூரியர் உள்ளவரை அது நடைபெறுவதாக என்று முடிப்பது அக்கால வழக்கம். கோபுரத்தின் உயரத்தைவிட அந்தக் கல்வெட்டே கோயிலுக்குப் பெரிய அரண் என்று நம் முன்னோர் கருதினர் போலும்.

மலேசியத் திருநாட்டில் நம்மவர் கட்டிய கோயில்களுக்கு அத்தகைய கல்வெட்டுகள் இல்லை. இங்கே கல்வெட்டின் இடத்தில் இருப்பது ஒரு தாள். நிலப்பதிவு அலுவலகத்தில் காணப்படும் அந்தத் தாளை நம் மக்கள் ‘கிராண்ட்’ என்பர். அந்தத் தாளைப் பெற்ற கோயில்கள் நூறு ஆண்டுகளைக் கடந்து பொலிகின்றன. அதைப் பெறாத கோயில்கள் நூறு ஆண்டுகள் இருந்த பின்னும் இடம் தேடி அலைகின்றன. ஜொகூர் மாநிலத்தின் தலைநகரிலுள்ள இரண்டு அம்மன் கோயில்களை இக்கண்கொண்டு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலத்தைப் பெறுவது அன்றும் எளிதாய் இருக்கவில்லை. மலாக்காவில் தைவநாயகம் செட்டியார் டச்சு அரசாங்கத்திடம் நிலம் பெற்று, 1781இல் பொய்யாத விநாயகர் கோயிலை எழுப்பினார். சிங்கப்பூரில் நாராயண பிள்ளையின் பாடு இன்னும் கடினம். அவர் 1819இல் பினாங்கிலிருந்து இராபிள்சுடன் வந்தவர். தெலுக் ஆயரில் அவருக்கு முதலில் ஒதுக்கப்பட்ட இடத்தில் நல்ல தண்ணீர் இல்லை. நீரின்றி அபிஷேகம் ஏது? அடுத்து ஒதுக்கிய இடம் நகரமைப்புத் திட்டத்துக்கு ஒத்துவரவில்லை. 1823இல்தான் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிலம் கிடைத்தது. 1827இல் பலகையாலும் அத்தாப்பாலும் ஒரு சிறு கோயில் எழுந்தது. இன்று சிங்கப்பூரின் தேசிய நினைவுச் சின்னமாக விளங்கும் மாரியம்மன் கோயில் அதுவே.

சிங்கப்பூருக்கு நேர் எதிரே, நீரிணைக்கு அப்பால் இருந்த மீன்பிடி கிராமமான தஞ்சோங் புத்ரியில் 1855இல் தெமெங்கோங் இப்ராகிம் ஒரு குடியேற்றத்தை நிறுவினார். அவர் மைந்தர் அபு பாக்கார் 1866இல் அதற்கு ஜொகூர் பாரு எனப் பெயர் சூட்டினார். அந்நாளில் ஜொகூரின் செல்வம் மிளகும் கம்பீரும். அவற்றைப் பயிரிட்டவர் சீனர். ஆற்றங்கரை தோறும் ‘காங்சூ’ எனப்பட்ட தலைவர்களின் கீழ் அவர்கள் குடியேறினர். நம்மவர் பெருந்தொகையாக வந்தது அடுத்த தலைமுறையில்தான். இரப்பர் வந்தது, இருப்புப்பாதை வந்தது. கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான ரயில் பாதை 1909இல் திறக்கப்பட்டது. 1910இல் இலண்டன் சந்தையில் இரப்பரின் விலை என்றுமில்லாத உயரத்துக்குப் போயிற்று. அதே 1910இல் மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரும் முறை ஒழிக்கப்பட்டு, கங்காணி முறையே ஆட்கள் வரும் பெருவழியாயிற்று. ஒரே ஊரிலிருந்து, ஒரே உறவு வட்டத்திலிருந்து, குடும்பம் குடும்பமாக மக்கள் வரலாயினர். தனியாளாக வந்தவன் ஊருக்குத் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருப்பான். குடும்பத்தோடு வந்தவனுக்குப் பிள்ளைக்கு மொட்டையடிக்க ஒரு கோயில் வேண்டும்.

இந்தச் சூழலில், 1911இல் தோன்றியது ஜொகூர் பாரு இராஜமாரியம்மன் கோயில். கோயிலுக்குரிய நிலத்தைத் தந்தவர் சுல்தான் இப்ராகிம். நன்றியறிதலாக அம்மன் பெயருக்கு முன்னே ‘இராஜ’ என்னும் சொல் சேர்க்கப்பட்டது என்பர். முசுலிம் மன்னர் ஒருவரின் கொடை, இந்து தெய்வத்தின் திருப்பெயரிலேயே நிலைத்துவிட்டது. சோழர் காலத்தில் கோயில்களும் ஊர்களும் மன்னர் பெயரைத் தாங்கியதை அறிந்தவருக்கு இது புதுமையாகத் தோன்றாது.

இங்கே ஆண்டைக் கவனிக்க வேண்டும். பேராக், சிலாங்கூர் முதலிய மாநிலங்கள் 1896இலேயே ஒன்றிணைக்கப்பட்டுப் பிரிட்டிசு ரெசிடெண்டுகளின் கைக்குள் போயிருந்தன. ஜொகூர் அக்கூட்டில் சேரவில்லை. அதற்கு 1895 முதலே எழுதப்பட்ட அரசியல் சட்டம் இருந்தது. முழு அதிகாரமுள்ள பிரிட்டிசு ஆலோசகரை அது ஏற்றது 1914இல். ஆகவே 1911இல் இந்நிலத்தைக் கொடுத்தது பெரும்பாலும் தன் கையாலேயே ஆட்சி நடத்திய ஒரு மன்னரின் அரசு. தம் தலைநகரில் குடியேறிய மக்கள் நிலையாகத் தங்க வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் இருந்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். கோயிலின் சுற்றுப்புறமும் அவ்வாறே சொல்கிறது. உங்கு புவான் சாலையில் மாரியம்மன். சற்றுத் தொலைவில் திருஸ் சாலையில் ஐந்து பேச்சு வழக்கினரான சீனர் ஒன்றுகூடி வழிபடும் பழங்கோயில். அதே சாலையில் சீக்கியரின் குருத்துவாரா. காலால் நடந்தே ஒரு முற்பகலில் இவை அனைத்தையும் பார்த்து வரலாம்.

இராஜமாரியம்மன் கோயிலுக்குச் செல்பவர் மாலை வேளையில் செல்வது நன்று. பூக்கடைகளில் மல்லிகைச் சரமும் வேப்பிலைக் கொத்தும் தொங்கும் நேரம் அது. கோயிலுக்குள் நுழைந்ததும் கூட்டத்தில் ஒரு வேறுபாட்டைக் காணலாம். ஒரு பகுதியினர் உள்ளூரார். மற்றொரு பகுதியினர் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள். 1923இல் ரயிலுக்குத் திறக்கப்பட்டு, 1924இல் முறையாகத் தொடங்கிவைக்கப்பட்ட அப்பாலம், கோயிலின் அடியார் வட்டத்தையே இரட்டிப்பாக்கியது எனலாம். ஒரு சிறு வேடிக்கை: 2014 முதல் 2024 முடியும்வரை ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், சிங்கப்பூரிலோ சனியும் ஞாயிறும். ஞாயிற்றுக்கிழமை விழா வைத்தால் அக்கரைக்காரர் வருவர், உள்ளூரார் வேலைக்குப் போவர். 2025 சனவரி முதல் இரு கரையும் மீண்டும் ஒரே நாளில் ஓய்வு கொள்கின்றன. விழா நாள் குறிக்கும் நிர்வாகத்தாருக்கு நிம்மதி.

மாரியம்மன் ஏன் இந்நாட்டுத் தமிழரின் தலைத் தெய்வமானாள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. மாரி என்றால் மழை. மழை தருபவளும் அம்மை தருபவளும் அம்மையைத் தணிப்பவளும் ஒருத்தியே. வேம்பு, மஞ்சள், கூழ், பானகம் ஆகிய அவளுக்குரிய படையல்கள் அனைத்தும் உடற்சூட்டைத் தணிப்பவை என்று நம் மக்கள் நம்பியவை. காட்டை அழித்துப் பால்மரம் நட்ட முதல் தலைமுறைக்குக் காய்ச்சலே முதற்பகை. வெட்டிய காட்டின் ஓடைகளில் கொசு பெருகிற்று. மலேரியாவால் லயங்கள் வெறிச்சோடின. கிள்ளான் பகுதியில் டாக்டர் மால்கம் வாட்சன் 1901 முதல் சதுப்பை வடித்துக் கொசுவை ஒழிக்கத் தொடங்கினார். அந்த முறை எல்லாத் தோட்டங்களையும் சென்றடையப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை கொய்னாவும் அம்மனுமே துணை. பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் போனபின்னும் ஆடி மாதத்துக் கூழ் நிற்கவில்லை. நன்றிக்கடனைத் தவணை முடிந்தவுடன் நிறுத்துவது நம் மரபன்று.

வழிபாட்டு முறையிலும் நகரத்துக் கோயிலுக்கும் தோட்டத்துக் கோயிலுக்கும் வேறுபாடு உண்டு. நகரத்தில் சிவாசாரியார், ஆகம முறை, பன்னீராண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு. தோட்டத்தில் நம்முள் ஒருவரே பூசாரி. கரகம், தீமிதி, உடுக்கை, மதுரைவீரனுக்குச் சுருட்டு, முனியாண்டிக்குக் கடா. படித்தவர் சிலர் பின்னதை நாகரிகக் குறைவென்று ஒதுக்குவர். என் எண்ணம் வேறு. ஆகமக் கோயிலில் நாம் அடியார்; தோட்டத்துக் கோயிலில் நாம் உறவினர். அம்மனோடு சண்டை பிடிக்கும் உரிமை அங்கேதான் உண்டு.

இனி இரண்டாவது கோயில். வாடி ஹானா பகுதியில், இருப்புப்பாதையை ஒட்டி அமைந்தது அருள்மிகு இராஜகாளியம்மன் கோயில். இது 1922இல் ஒரு சிறு குடிலாகத் தொடங்கியது. இதற்கும் ஜொகூர் சுல்தானே நிலம் தந்தார் என்பது கோயிலின் வரலாறு. இங்கும் அதே ‘இராஜ’ அடைமொழியைக் காண்க. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு வரை ஊரார் மட்டுமே அறிந்த கோயிலாய் அது இருந்தது. 1990களில் புதுக்கிக் கட்டப்பட்டது. பின்னர், தலைமைக் குருவான சின்னத்தம்பி சிவசாமி, பாங்காக்கில் ஒரு கோயிலின் கண்ணாடி வேலைப்பாட்டைக் கண்டு, அவ்வாறே நம் அம்மனுக்கும் செய்ய வேண்டும் என்று முனைந்தார். 2009இல் கண்ணாடிக் கோயில் நிறைவுற்றது. மறு ஆண்டே, நாட்டின் முதல் கண்ணாடிக் கோயில் என்று மலேசியச் சாதனைப் புத்தகத்தில் இடம் பெற்றது.

சுவர், தூண், விதானம் எங்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா, வெள்ளை நிறக் கண்ணாடித் துண்டுகள். ஆலயத்தார் சொல்லும் கணக்குப்படி அவை மூன்று இலட்சம். ஆத்மலிங்கம் இருக்கும் கருவறையின் சுவர்களில் நேபாளத்து உருத்திராக்கங்கள் பதிக்கப்பட்டுள்ளன. அங்கே அடியார்கள் தம் கையாலேயே இலிங்கத்துக்குப் பன்னீர் வார்க்கலாம். தமிழ்நாட்டுச் சிவன் கோயில்களில் காணாத வழக்கம் இது, காசியில் உண்டு. புத்தர், அன்னை தெரேசா போன்றோரின் வெண்பளிங்கு உருவங்களும் கோயிலில் உள்ளன. உலகெங்கிலுமிருந்து பயணிகள் வந்து படமெடுத்துச் செல்கின்றனர்.

“இது தமிழர் கோயில் மரபுதானா?” என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. கோயில் என்றால் கருங்கல்லும் அரையிருளும் எண்ணெய் விளக்கும் என்றே பழகிய கண்ணுக்கு இத்தனை ஒளி கூசும். எனக்கும் முதலில் கூசியது. ஆனால் கண்ணாடி நம் வழிபாட்டுக்குப் புதிதன்று. பூசையின் பதினாறு உபசாரங்களை எண்ணுமிடத்துக் கண்ணாடி காட்டுதலையும் சேர்ப்பர். சுதை உருவத்துக்கு நேராக நீராட்ட இயலாதபோது, எதிரே கண்ணாடி வைத்து அதில் தெரியும் பிம்பத்துக்கு அபிஷேகம் செய்வது பல கோயில்களில் உள்ள முறை. 1872ஆம் ஆண்டு தைப்பூசத்தன்று வடலூரில் இராமலிங்க அடிகள் திறந்த சத்திய ஞான சபையில், ஏழு திரைகள் விலகக் கண்ணாடியின் வழியே காண்பது சோதி தரிசனம். 1927இல் கேரளத்துக் களவங்கோட்டில் நாராயண குரு, சிலைக்குப் பதிலாக ஒரு நிலைக்கண்ணாடியையே பிரதிட்டை செய்தார். ஆகவே பொருள் பழையது. அதன் அளவும் பகட்டும் மட்டுமே புதியவை. பகட்டைப் பற்றி அவரவர் கருத்து அவரவருக்கு. ஒன்று மட்டும் உறுதி: நிலம் தமதே என்ற உறுதி இல்லாத எவரும் ஒரு சுவரில் மூன்று இலட்சம் துண்டுகளை ஒட்ட உட்கார மாட்டார்.

இவ்விடத்தில்தான் தோட்டத்துக் கோயில்களின் கதையைச் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் நிலம் கொம்பனிக்குச் சொந்தம். லயம், ஆசுபத்திரி, பள்ளிக்கூடம், கோயில் ஆகிய நான்கும் கொம்பனி நிலத்தில் நின்றன. கோயில் கட்டத் துரைமார் தடை சொல்வதில்லை. பலர் மரமும் தகரமும் கொடுத்தனர். திருவிழாவன்று மாலை சூட்டிக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்தனர். கோயில் இருந்தால் ஆள் தோட்டத்தை விட்டு ஓடான் என்பதை அவர்கள் அறிவார்கள். சம்பள நாளில் ஒவ்வொரு குடும்பமும் கோயிலுக்கென்று பணம் கொடுத்தது. அப்பணத்தில் ஓலை தகரமாயிற்று, தகரம் சிமிந்தியாயிற்று, கோபுரமும் எழுந்தது. ஒன்றை மட்டும் எவரும் கேட்கவில்லை: கோயில் நிற்கும் அந்தக் கால் ஏக்கரை எங்கள் பெயருக்கு எழுதிக் கொடுங்கள் என்று. கேட்கத் தோன்றவில்லை என்பதே உண்மை. நம் ஊரில் ஐயனார் கோயிலுக்கு எவர் பத்திரம் பார்த்தார்? தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டு வந்தால் அது கோயில் நிலம். அனுபவமே பாத்தியம் என்பது நாம் கொண்டு வந்த சட்டம்.

இந்நாட்டின் சட்டம் வேறு. 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் இராபர்ட் டோரன்சு என்பவர் வகுத்த நிலப்பதிவு முறை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே மலாய் மாநிலங்களுக்கு வந்துவிட்டது. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உடையவர் என்பது அதன் சாரம். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் இதனைத் தீபகற்ப மலேசியாவுக்கு உறுதி செய்தது. அதன் 48ஆம் பிரிவின்படி, அரசு நிலத்தில் எத்தனை காலம் இருந்தாலும் இருந்தவருக்கு உரிமை பிறவாது. 341ஆம் பிரிவின்படி, தனியார் நிலத்தை எவ்வளவு காலம் ஆண்டாலும் பதிவுபெற்ற உடைமையாளர் அதைத் திரும்பக் கேட்பதற்குத் தடையில்லை. நூறு ஆண்டுக் கற்பூரப் புகை அந்தப் பதிவேட்டில் ஒரு வரியைக்கூட மாற்றாது. அதே சட்டம் மற்றொரு வழியையும் வைத்துள்ளது. பொதுநோக்கத்துக்கென அரசு நிலத்தை மாநில அரசு அரசிதழில் அறிவித்து ஒதுக்கலாம். நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால், கோயில் நிலம் பற்றிய ஒவ்வொரு விண்ணப்பமும் இறுதியில் அந்தந்த மாநிலத்தையே சென்றடைகிறது.

நாட்டு விடுதலையையொட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கொம்பனிகள் பல, தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. உங்கு அசீசு 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழி செய்தார். அவரால் காக்க முடிந்தவை சில, கைமாறியவை பல. அடுத்து வந்தது நகர வளர்ச்சி. ஜொகூர் பாருவைச் சுற்றியுள்ள தெப்ராவ், பிளந்தோங், மாசாய், ஸ்கூடாய் வட்டாரங்களில் ஒரு காலத்தில் பால்மரமும் செம்பனையும் நின்ற நிலம் இன்று வீடமைப்புப் பகுதி. தோட்டம் விற்கப்படும் நாளில் லயத்தாருக்கு இழப்பீடு பேசுவர். பள்ளிக்கு மாற்றிடம் பேசுவர். கோயிலைப் பற்றிய பேச்சு கடைசியில் வரும். நான் தோட்டப் பள்ளியின் தலைமையாசிரியன் ஆகையால் இப்பேச்சு எந்த ஒழுங்கில் நடக்கும் என்பதை அறிவேன். பள்ளிக்காவது கல்வி அமைச்சு உண்டு.

பேச்சு முற்றிய இடங்களில் கசப்பு விளைந்தது. 2007 அக்டோபரில் ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் ஒரு மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது, அடுத்த மாதம் கோலாலம்பூரில் இந்தியர் திரண்ட பெரும் பேரணிக்கு ஒரு காரணமாயிற்று. சிலாங்கூரின் சீஃபீல்டு தோட்டத்து மகாமாரியம்மன் கோயிலின் இடமாற்ற வழக்கு நெடுங்காலம் நீண்டு, 2018 நவம்பரில் கலவரத்தில் முடிந்தது. கடமையாற்றச் சென்ற ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில், நூற்றாண்டு கடந்த தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் நின்ற நிலம் 2014இல் ஒரு துணிக்கடை நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்தது. 2025 மார்ச்சில், ஏறத்தாழ ஐம்பது மீட்டர் தள்ளி வேறிடம் செல்லக் கோயிலார் இணங்கினர். அம்மூன்றிலும் பக்தியின் அளவில் குறை எதுவும் இல்லை. ஜொகூர் பாருவின் இரு கோயில்களுக்கு 1911இலும் 1922இலும் கிடைத்த ஒன்று, அவற்றுக்கு வேண்டிய காலத்தில் கிடைக்கவில்லை.

கோயிலை இடம் மாற்றுவதற்கு நம் மரபில் முறை உண்டு. ஆகமக் கோயிலில் மூலவரின் அருட்சக்தியைக் கும்ப நீரில் இறக்கி, ஒரு சிறு பாலாலயத்தில் வைத்துப் பூசிப்பர். புதுக்கோயில் முடிந்ததும் அதனை மீண்டும் திருவுருவில் சேர்ப்பர். அம்மனுக்கு இது பொருந்தும். மரத்தடி முனிக்கு எப்படிச் செய்வது? அவருக்குக் கருவறை இல்லை. பல இடங்களில் உருவமும் இல்லை. ஒரு கல்லும் ஒரு சூலமும் அந்த மரமுமே அவர். மரத்தைக் கும்பத்தில் இறக்க முடியாது.

அதற்கும் நம் கிராமங்களில் ஒரு வழி உண்டு. குலதெய்வம் இருக்கும் ஊரை விட்டுப் பெயர்ந்து செல்வோர், கோயில் நிலத்திலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டு போவர். புதிய ஊரில் அம்மண்ணைப் புதைத்து அதன்மேல் கல் நட்டால், அங்கேயும் அதே தெய்வம். இதற்குப் பிடிமண் என்று பெயர். தோட்டத்துச் சிறு தெய்வங்கள் சிலவற்றைப் பற்றி முதியோர் சொல்லும் வரலாறும் இதுவே: கப்பலில் பிடிமண்ணாக வந்தவை என்பர். இப்போது தோட்டம் அழியும்போது, அந்த மரத்தடியிலிருந்து மறுபடியும் ஒரு பிடி எடுத்து, வீடமைப்புப் பகுதியின் ஓரத்தில், மின்கம்பத்துக்குப் பக்கத்தில் கிடைத்த துண்டு நிலத்தில் புதைக்கின்றனர். அந்தத் துண்டு நிலம் எவர் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டால், சென்ற தலைமுறையைப் போலச் சும்மா இருப்பதில்லை. இளைஞர் சிலர் நில அலுவலகத்துக்குப் போய் எண்ணைக் குறித்துக்கொண்டு வருகின்றனர்.